ரெங்கம்மாவுக்கு உம் கொட்டியவர்கள்

தர்மிளாவிடம் மணி என்ன என்று கேட்கக் கூடாது. கேட்டால், திங்கட்கிழமை காலை மடுல்சீமை பஸ் எந்த வளைவில் மூச்சு வாங்கி நின்றது, அங்கே ஏறியவர் மடியில் வைத்திருந்த சேவல் யார் தோளில் போய் உட்கார்ந்தது, அந்தத் தோளுக்குரியவர் கண்டக்டரிடம் என்ன சண்டை பிடித்தார் என்று தொடங்கி, பதுளை பஸ் நிலையம் வரைக்கும் வந்து இறங்கி, பிறகுதான் கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்ப்பாள். பொறுமைசாலிகளுக்கு இது பிடிக்கும். எனக்குப் பொறுமை கிடையாது. அப்படிப்பட்டவளோடு ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும் என்று என் தலையில் எழுதியிருந்தது.

அது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. பதுளை பஸாரில் ஹாஷிம் ஹாஜியாரின் துணிக்கடைக்கு மேல்மாடியில் அவருடைய மகன் ஷிபான் கம்பியூட்டர் கடை வைத்திருந்தார். பழுதானதைத் திருத்துவது, புதியதை விற்பது, கல்யாணப் பத்திரிகை அடிப்பது எல்லாம் அங்கே நடக்கும். அங்கே அனுஷன் என்கிற எனக்குப் புரோகிராம் எழுதுகிறவன் என்று பெயர். பாதி நேரம் பிரிண்டருக்குள் சிக்கிய கடதாசியை இழுத்துக்கொண்டிருப்பேன்.

தர்மிளா வேலை கேட்டு வந்த அன்று ஷிபான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “தங்கச்சிக்கு டைப் பண்ணத் தெரியுமா?” அவள் உடனே, தான் டைப் பழகப் போன வகுப்பின் கூரை மழையில் எப்படி ஒழுகியது, எந்த எழுத்தின் மேல் சொட்டு விழுந்தது, அதனால் அந்த வகுப்பில் படித்தவர்கள் எல்லாரும் இன்றுவரை எந்த எழுத்தை அடிக்கும்போது கையை இழுத்துக்கொள்கிறார்கள் என்று சொன்னாள். ஷிபான் வாயைப் பிளந்து கேட்டுவிட்டு, “நாளைக்கு வாங்க” என்றார். கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்பதை நான்தான் கவனித்தேன். அவளுக்கு டைப் அடிக்கத் தெரியாது என்பது மறுநாள் தெரிந்தது.

இந்தப் பேச்சு அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் மலையைத்தான் கை காட்ட வேண்டும். மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். தொண்ணூறுகளில் அவர்களுடைய லயத்தில், அந்த நீள வரிசை வீடுகளில், ஒரே ஒரு வீட்டில்தான் தொலைக்காட்சி இருந்தது. முதல் நாள் நாடகம் பார்த்தவள் மறுநாள் கொழுந்து பறிக்கும்போது நிரையில் நிற்கிற மற்றவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டும். தர்மிளாவின் அம்மா தனலெட்சுமிதான் அங்கே பெரிய கதைக்காரி. கை பாட்டுக்குக் கொழுந்து பறிக்கும், வாய் பாட்டுக்குக் கதை சொல்லும், செடிகளுக்கு நடுவிலிருந்து “உம்… உம்…” என்று சத்தம் வந்துகொண்டே இருக்கும். யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை என்பதால் அந்த உம்தான் ஆள் இருப்பதற்கு அடையாளம். உம் நின்றால் கதையும் நிற்கும். வேலையை மேற்பார்க்கும் கங்காணி வருகிறார் என்று அர்த்தம். பள்ளி விடுமுறையில் அம்மாவோடு மலைக்குப் போன தர்மிளா, கொழுந்து பறிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. இதைக் கற்றுக்கொண்டாள்.

அவளுடைய அப்பா முத்துக்கறுப்பன் தொழிற்சாலையில் வேலை செய்தார். வீட்டில் இரண்டு பேர் ஓயாமல் பேசினால் மூன்றாவது ஆள் எப்படி இருப்பாரோ அப்படி இருந்தார். அவர் பேசியது கொஞ்சம். ஆனால் பேசினால் பேசினதுதான். மகள் பதுளையில் சித்தி வீட்டில் தங்கி வேலைக்குப் போகிறேன் என்றபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: “போ. தீபாவளிக்குள்ள வேல நிரந்தரமாகணும். ஆகலேன்னா வந்து பேர் பதிஞ்சிரு.”

பேர் பதிவது என்றால் தோட்டத்து நிரந்தரத் தொழிலாளியாகப் பெயரைச் சேர்ப்பது. அந்த வருஷம் புதுப் பேர் எடுக்கப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். தீபாவளி தாண்டினால் அதுவும் கிடையாது. நகரத்து வேலையும் போய், தோட்டத்து வேலையும் இல்லாமல் மகள் நடுவில் நிற்கக் கூடாது என்பது அவருடைய கவலை. நியாயமான கவலைதான். ஆனால் தர்மிளாவுக்குக் காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் வரிசையில் நிற்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. “அண்ணே, நா பறிக்கிற கொழுந்துக்குத் துரை என்னைய வெரட்டிருவாரு. அதுக்கப்புறம் எங்கதான் போறது?” என்று என்னிடம் சொல்லும்போது மட்டும் அவள் சுருக்கமாகப் பேசினாள்.

ஷிபானோ, “பெரிய வேல ஒண்டு வரட்டும், அடுத்த நாளே நிரந்தரம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெரிய வேலை டொக்டர் குமாரசிங்கம் உருவில் வந்தது.

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். பதுளையில் ஒரு தனியார் வைத்திய நிலையம் நடத்தினார். சனிக்கிழமைகளில் கண், பல், நெஞ்சு, எலும்பு, பிள்ளைப்பேறு என்று வெளியூர் டொக்டர்மார் எல்லாரும் அங்கே வருவார்கள். தோட்டங்களிலிருந்து சனம் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கும். யாருக்கு எந்த டொக்டர் என்று கேட்டு நம்பர் கொடுப்பது லீலாதேவி அம்மாவின் வேலை. அவர் குரல் பஸ் நிலையம் வரை கேட்கும். சிங்கப்பூரில் மகன் வீட்டுக்குப் போய் வந்த டொக்டர், அங்கே தொட்டால் நம்பர் கொடுக்கும் மெஷின் ஒன்றைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி தனக்கும் வேண்டும் என்று ஷிபானைப் பிடித்தார்.

ஷிபான் எங்கேயோ அலைந்து, தொட்டால் வேலை செய்யும் திரை ஒன்றைக் கொண்டுவந்தார். நான் புரோகிராம் எழுதினேன். திரையில் சுத்தமான எழுத்தில், “தயவுசெய்து தங்களுக்குத் தேவையான சேவையைத் தெரிவு செய்யவும்” என்று வரும். அதற்குக் கீழே வரிசையாகப் பொத்தான்கள். நான் எழுதிய வசனத்தில் இன்றைக்கும் யாராலும் ஒரு பிழை பிடிக்க முடியாது. ஆனால் ஒரு வாரம் முழுக்க அதை யாரும் தொடவில்லை. அதன் முன்னால் கிடந்த நீள மர வாங்கில் உட்கார்ந்துகொண்டு, “டீவி எப்பங்க போடுவீங்க?” என்று லீலாதேவி அம்மாவைக் கேட்டார்கள்.

“அது கேள்வி கேக்குதுண்ணே” என்றாள் தர்மிளா. “ஆசுபத்திரிக்கு வந்த நேரத்துல யாரு பரீட்ச எழுதுவா? கதையாச் சொன்னா கேப்பாங்க.”

நான் சிரித்தேன். ஷிபான் சிரிக்கவில்லை. அவர் அந்த மாதம்தான் கொழும்பில் ஏதோ ஒரு ஹோட்டலில் கருத்தரங்குக்குப் போய், ஒரு பையும் பேனையும் கொண்டுவந்திருந்தார். “அல்லாவே! அங்கயும் இதத்தான் சென்னாங்க” என்று எழுந்து நின்றார். “யூசர் எக்ஸ்பீரியன்ஸ்! ஒரு சாமான செய்ய முந்தி, அத பாவிக்கிற ஆள ஒரு கதையா யோசிக்கணுமாம். அவக்கு ஒரு பேர் ஈக்கணும், ஒரு ஊர் ஈக்கணும், ஒரு கஷ்டம் ஈக்கணும். வெளங்குதா?”

“ரெங்கம்மா” என்றாள் தர்மிளா அந்தக் கணமே. “ஊரு ஹல்துமுல்ல. கஷ்டம் இருமல்.”

இப்படித்தான் ரெங்கம்மா பிறந்தாள். கையைத் தலையில் வைத்துக்கொண்டு அவளுக்கும், பொத்தான்களின் மேல் கண், பல், நெஞ்சு என்றும் படம் வரைந்தவன் நான். குரல் தர்மிளாவின் குரல். பஸார் சத்தத்தில் குரல் பதிய முடியாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரத்தில் கடைகள் மூடி, தெரு அடங்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் எங்களுக்கு. ஷிபான் பள்ளிவாசலுக்குப் போனதும் ஜன்னலை மூடிப் பதிவைத் தொடங்கினோம். எல்லாக் கடையும் மூடினால் தன் குரல் தூரம் கேட்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்த மீன்காரர் ஒருவர், சரியாக அந்த நேரம் பார்த்துச் சைக்கிளில் வந்தார். ரெங்கம்மா இருமிக்கொண்டு பதுளையில் இறங்குகிற இடத்தில், “மீனோ… மீன்!” என்று அவர் குரலும் உள்ளே விழுந்துவிட்டது. திரும்பப் பதிய நேரமில்லை. அப்படியே விட்டோம்.

சனிக்கிழமை மெஷின் பேசத் தொடங்கியது. “ஹல்துமுல்லையில ரெங்கம்மா ரெங்கம்மான்னு ஒருத்தி. அவளுக்கு ஒரு வாரமா இருமல்…”

வைத்திய நிலையம் அமைதியானது. லீலாதேவி அம்மா கூட வாயை மூடினார். மீன் சத்தம் வந்த இடத்தில் மட்டும் எல்லாரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். ரெங்கம்மா பஸ்ஸில் வந்தாள், மெஷினுக்கு முன்னால் நின்றாள், நெஞ்சுப் படத்தைத் தொட்டாள், நம்பர் எடுத்தாள். கதை முடிந்தது. நாங்கள் நினைத்தது, பார்த்தவர்கள் எழுந்து வந்து அதே மாதிரி தொடுவார்கள் என்று. அவர்கள் எழவில்லை.

“அப்புறம்?” என்றார் ஒருவர்.

“அந்த இருமல் என்னா ஆச்சு?” என்று கேட்டாள் ஒரு பெண். “புருஷங்காரன் கூட வரலியே, அவன் எங்க போனான்? குடிகாரனா?”

ஓர் அவசரக்காரப் பையன் எழுந்து போய் பல் படத்தைத் தொட்டான். கதை நின்று நம்பர் வந்தது. மொத்த வாங்கும் அவனைத் திட்டித் தீர்த்தது. அதன் பிறகு மத்தியானம் வரைக்கும் யாரும் மெஷினுக்குக் கிட்டே போகவில்லை, யாரையும் போக விடவும் இல்லை. கதை திரும்பத் திரும்ப ஓடியது. வெளியூர் டொக்டர்மார் அறைக்குள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

டொக்டர் குமாரசிங்கம் ஷிபானைக் கூப்பிட்டார். “தம்பி, நான் கேட்டது நம்பர் குடுக்கிற மெஷின். நீங்கள் கொண்டுவந்து வைச்சிருக்கிறது கதாப்பிரசங்கம்.”

தர்மிளாவின் முகம் விழுந்துவிட்டது. ஆனால் கடைக்குத் திரும்பும் வழியிலேயே திரும்பப் பேசத் தொடங்கிவிட்டாள். “தப்பு எம்மேலதாண்ணே. உம் கொட்ட எடம் விடாமக் கத சொன்னா எப்பிடி? கேக்கிறவங்க வாயக் கட்டிப்போட்டுட்டேன்.”

அடுத்த ஜும்ஆவில் கதை மாறியது. திரையின் கீழே பச்சை நிறத்தில் ஒரே ஒரு பெரிய பொத்தான். அதில் “உம்” என்று எழுதியிருந்தது. ரெங்கம்மா ஒரு வசனத்தோடு நின்றுவிடுவாள். உம் அழுத்தினால்தான் அடுத்த அடி வைப்பாள். நடுநடுவே குரல், “ரெங்கம்மாவுக்கு நெஞ்சு வலிக்குது. ஒங்களுக்கும் வலிக்குதா?” என்று கேட்கும். வலிக்கிறவர் உம் என்றால் அந்த டொக்டருக்கான நம்பர் துண்டு வரும். வலிக்காதவர் பேசாமல் நின்றால், கொஞ்சம் பொறுத்து மெஷின் தானாகவே அடுத்த நோய்க்குப் போகும். யோசனை நன்றாகத்தான் இருந்தது. எனக்கே பிடித்திருந்தது என்றால் பாருங்கள்.

சனிக்கிழமை வரிசை ஓடியது. என்ன ஓட்டம்! ஒருவர் பின் ஒருவராக வந்து நின்று, உம், உம், உம் என்று அழுத்தினார்கள். துண்டு துண்டாக நம்பர் வந்தது. ஷிபான் சந்தோஷத்தில் எல்லாருக்கும் பட்டிஸ் வாங்கிக் கொடுத்தார். தர்மிளா அன்றைக்கே நிரந்தரமாகிவிட்டது போல நடந்தாள்.

பட்டிஸ் தின்று முடிப்பதற்குள் பிள்ளைப்பேறு டொக்டர் அம்மாவின் அறை வாசலில் சத்தம் கேட்டது. கர்ப்பிணிகளின் வரிசையில், நடுவில், ஓய்வுபெற்ற கங்காணி வீரபத்திரன் உட்கார்ந்திருந்தார். முறுக்கிவிட்ட வெள்ளை மீசை, கோட்டு, கையில் குடை. அவருக்கு முன்னால் லீலாதேவி அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“ஐயா, நீங்கள் ஏன் இஞ்ச இருக்கிறியள்?”

“நம்பரு இங்கதாங்க குடுத்திருக்கு.”

“வயித்தில பிள்ளையோ எண்டு அந்தப் பெட்டி உங்களிட்டக் கேக்கேல்லையோ?”

“கேட்டுச்சுங்க.”

“நீங்கள் என்ன சொன்னியள்?”

“உம் கொட்டுனேன்.”

“ஏன் ஐயா!”

கங்காணி கொஞ்சம் கோபமாகவே நிமிர்ந்தார். “அந்தப் பொண்ணு தொண்டத்தண்ணி வத்த கத சொல்லிக்கிட்டு வருது. நடுவுல வாய மூடிக்கிட்டு நின்னா அது மனசு என்னா பாடுபடும்? நமக்கு மனுசத்தனம் இல்லியா?”

இப்படி மனுசத்தனம் உள்ளவர்கள் அன்று நிறையப் பேர் இருந்தார்கள். முழங்கால் வலிக்காரர் பல் டொக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தார். கண் மங்கியவர் நெஞ்சு டொக்டரிடம் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். எல்லா நோய்க்கும் உம் கொட்டிவிட்டு நம்பர் துண்டுகளைச் சீட்டுக்கட்டுப் போலக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர்களும் உண்டு. டொக்டர் குமாரசிங்கத்தின் முகம் சிவந்துவிட்டது.

“வாற சனிக்கிழமை கடைசி” என்றார். “அதுக்குப் பிறகும் ஒரு ஆம்பிளை பிள்ளைப்பேறு வரிசையில இருந்தா, உந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிடுங்கோ.”

வாற சனிக்கிழமை என்பது தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை. அன்று மத்தியானம் தன்னைக் கூட்டிப்போக அப்பா வருவதாகச் சித்தி வீட்டுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார் என்று தர்மிளா சொன்னாள். வேறொன்றும் சொல்லவில்லை. சேவல், கண்டக்டர், வளைவு எதுவும் இல்லை. கடையில் அவ்வளவு அமைதியை நான் அனுபவித்ததில்லை. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை நான் “ம்ஹூம்” என்று இன்னொரு பொத்தான் போட்டுக் கொடுத்தேன். இல்லை என்பவர்கள் அதை அழுத்தலாம். வியாழக்கிழமை வரை ஒருவரும் அழுத்தவில்லை. அழுத்தப் போய் விரலை மடக்கிக்கொண்டவர்களைக் கண்ணால் பார்த்தேன். கதை சொல்கிறவளின் முகத்தில் அடித்தது போல ம்ஹூம் என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நானும் தர்மிளாவும் வைத்திய நிலையத்தில் வாங்கின் மூலையில் உட்கார்ந்திருந்தோம். அவள் கை நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது பஸ் தாமதமாகி வந்த ஒரு பெண், மெஷினில் கதை பாதியில் நிற்பதைப் பார்த்துவிட்டு, “முன்னாடி என்னாங்க நடந்துச்சு?” என்று லீலாதேவி அம்மாவைக் கேட்டாள். இந்தப் பெட்டியை உது என்றும் சனியன் என்றும் சொல்லிவந்த லீலாதேவி அம்மா, யாரும் கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர் போலக் கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டார்.

“அது வந்து பிள்ளை, ரெங்கம்மா எண்டு ஒருத்தி. பண்டாரவளையில இருந்து வாறா…”

“இல்லீங்க!” என்று மொத்த வாங்கும் கத்தியது. “ஹல்துமுல்ல!”

“சரி, ஹல்துமுல்லை. அவவுக்குக் காய்ச்சல்…”

“தப்பு, தப்பு! இருமலுங்க!” ஒரு கிழவர் எழுந்தே நின்றுவிட்டார். “தெரியாட்டி சொல்லக் கூடாதுங்க. காய்ச்சலா! நாம என்ன செவிடா?”

மெஷின் கேட்டபோது தன் வயிற்றில் பிள்ளை என்று ஒத்துக்கொண்டிருக்கக்கூடிய மனிதர் அவர். அடுத்தவளுடைய இருமலுக்காக உயிரைக் கொடுத்துச் சண்டை பிடித்தார். தர்மிளா என் கையைப் பிடித்து உலுக்கினாள். “அண்ணே! கேட்டாத்தான் இல்லேன்னு சொல்லமாட்டாங்க. தப்பாச் சொன்னா விடமாட்டாங்க!” பிறகு பஸார் முழுக்க ஓட்டமும் நடையுமாகப் பேசிக்கொண்டே வந்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது என்று சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது.

ஜும்ஆ நேரத்தில் புதுக் கதை பதிந்தோம். ரெங்கம்மாவை ஹல்துமுல்லைக்கே திருப்பி அனுப்பிவிட்டோம். இப்போது மெஷின் சொல்வது முன்னால் நிற்பவருடைய கதை. அதுவும் முழுக்கத் தப்பாக. பச்சையில் உம், சிவப்பில் தப்பு. தப்பு அழுத்தும் ஒவ்வொரு தடவையும் மெஷின் தாழ்ந்த குரலில் மன்னிப்புக் கேட்கும். மீன்காரரும் வழக்கம்போல வந்து சேர்ந்தார். இந்தத் தடவை மன்னிப்பின் வாலில் விழுந்தார். நேரமில்லை, விட்டோம்.

சனிக்கிழமை முதல் ஆளாகக் கங்காணி வீரபத்திரனையே நிறுத்தினோம். மெஷின் பேசியது. “வாங்க வாங்க! நீங்க கொழும்புல இருந்து ஏரோப்பிளேன்ல வந்து இறங்கியிருக்கீங்க!”

கங்காணி சுற்றுமுற்றும் பார்த்தார். “ஏரோப்பிளேனா? பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தேன்!” என்று சிவப்பில் ஓங்கி ஒரு குத்து.

“மன்னிச்சுக்குங்க, நான் சொன்னது தப்பு. நீங்க சொல்றதுதான் சரி.” தூரத்தில் மீனோ மீன். “அப்போ… ஒங்களுக்கு வயித்துல புள்ள. இது அஞ்சாவது.”

வைத்திய நிலையம் இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தது. கங்காணி மீசை துடிக்கச் சிவப்பில் குடைக் கைப்பிடியால் அடித்தார். நான் திரைக்காகப் பயந்தேன். பல்லுக்கும் தப்பு, நெஞ்சுக்கும் தப்பு. கண் வந்தது. “ஒங்களுக்குக் கண்ணு மங்கலாத் தெரியுது.” கங்காணி இறங்கி வந்தார். “உம்” என்று வாயாலும் சொல்லிப் பச்சையையும் தொட்டார். கண் டொக்டருக்கான நம்பர் வந்தது.

அதன் பிறகு வரிசையைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. தங்கள் கதையைத் திருத்திக்கொடுக்க எல்லாருக்கும் அவசரம். மத்தியானம் வரைக்கும் பிள்ளைப்பேறு வரிசையில் கர்ப்பிணிகள் மட்டும்தான் இருந்தார்கள். டொக்டர் குமாரசிங்கம் அந்த வரிசையைப் போய் எட்டிப் பார்த்தார், திரும்பி வந்து மெஷினைப் பார்த்தார்.

“பாப்பம். ஒரு மாசம் இருக்கட்டும். பிறகு முடிவு சொல்லுறன்.”

ஷிபான் தர்மிளாவைத் தனியே கூப்பிட்டுத் தலையைச் சொறிந்தார். “டொக்டர் முடிவா ஏத்துக்கிற வரைக்கும் எனக்கு நிரந்தரம்னு சொல்லேலா தங்கச்சி. பொய் சொல்லவும் ஏலா.” அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தீபாவளி டொக்டருக்காக ஒரு மாதம் காத்திருக்காதே.

அந்த நேரம் பார்த்துத்தான் முத்துக்கறுப்பன் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒல்லியான ஆள். கையில் மடித்த வெறும் பயணப் பை. மகளின் உடுப்புகளை அள்ளிப் போடக் கொண்டுவந்த பை என்று பார்த்தவுடன் தெரிந்தது. வலது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார்.

“வேல என்னா ஆச்சு?” என்று மகளைக் கேட்டார்.

“பாப்போம்னு சொல்லியிருக்காங்கப்பா.”

“பாப்போமா” என்றார் அவர். பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

“வந்ததுதான் வந்தீங்க, முட்டிய டொக்டருகிட்டக் காட்டிட்டுப் போவோம்” என்று தர்மிளா அவரை மெஷினுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

“வாங்க வாங்க! நீங்க கொழும்புல இருந்து ஏரோப்பிளேன்ல வந்து இறங்கியிருக்கீங்க!”

அவர் திடுக்கிட்டு மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் வாய் அசையவில்லை. திரையைப் பார்த்தார். ஒரு விரலால், சுடுகிறதா என்று பார்ப்பது போலச் சிவப்பைத் தொட்டார்.

“மன்னிச்சுக்குங்க, நான் சொன்னது தப்பு. நீங்க சொல்றதுதான் சரி.”

முத்துக்கறுப்பன் விரலை எடுத்தார். பிறகு அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தார். “பொறந்ததுல இருந்து இவ வாயில இப்பிடி ஒரு வார்த்த வந்ததில்ல” என்று வாங்கைப் பார்த்துச் சொன்னார். “அவங்கம்மா வாயிலயும் வந்ததில்ல.” திரும்பவும் சிவப்பை அழுத்தினார். மெஷின் திரும்பவும் மன்னிப்புக் கேட்டது. மெஷின் முட்டி வலியைச் சொன்னபோதும் தப்பு அழுத்திவிட்டு, கதை முதலிலிருந்து வரட்டும் என்று நின்றார். பின்னால் வரிசை நீண்டது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அந்த மனிதர் அவ்வளவு ஆசையோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் உம் அழுத்தி, நம்பர் எடுத்துக்கொண்டார். அப்போது பக்கத்தில் நின்ற தர்மிளா, மெஷினில் பேசிய அதே கதைக் குரலில் தொடங்கினாள்.

“அப்புறம் நீங்க… மடுல்சீமையில இருந்து வெறும் பையோட வந்திருக்கீங்க. அதுல என்னோட துணியெல்லாம் அள்ளிப் போட்டுக்கிட்டு, பின்னேர பஸ்ஸுல என்னையக் கூட்டிட்டுப் போகப் போறீங்க. தோட்டத்துல என் பேரப் பதியப் போறீங்க.”

அவ்வளவுதான் சொன்னாள். மெஷின் நிற்பது போலவே நின்றாள். எதைச் சொன்னாலும் அதற்கு மேல் நாலு வசனம் சேர்க்காமல் விடாதவள், வாயை மூடிக்கொண்டு அப்பா முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள். வாங்கில் ஒருவரும் உம் கொட்டவில்லை.

முத்துக்கறுப்பன் மகளைப் பார்த்தார், கையில் இருந்த பையைப் பார்த்தார். தப்பு என்று அவள் முகத்தைப் பார்த்து வாயால் சொல்ல அவருக்கு வரவில்லை. கையை நீட்டிச் சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

“மன்னிச்சுக்குங்க, நான் சொன்னது தப்பு. நீங்க சொல்றதுதான் சரி” என்றது மெஷின், அவளுடைய குரலில். தூரத்தில், “மீனோ… மீன்!”

தர்மிளா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். அவர் அதைப் பார்க்காதது போல வாசல் பக்கம் திரும்பினார். “மீன்காரரு எந்தப் பக்கமா போறாரு? பைய வெறுமனே தூக்கிட்டுப் போக முடியாது.”

“அது மீன்காரரு இல்லப்பா. அது ஒரு பெரிய கத. வெள்ளிக்கெழம பள்ளிவாசலுக்குப் போற நேரத்துல பஸாரு எல்லாம் மூடுவாங்க, அப்போ நானும் அனுஷன் அண்ணனும் ஜன்னல மூடிக்கிட்டு…” என்று அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே தொடங்கினாள்.

முத்துக்கறுப்பன் வாங்கில் இடம் பார்த்து உட்கார்ந்து, வெறும் பையை மடியில் வைத்துக்கொண்டு, “உம்” என்றார்.